ஆறாப்புக்குப் போற அப்பன் ஆத்தாளுக்கு

வாங்க, திண்ணையில உக்காருங்க. ஃபேன் கெடையாது, காத்து வந்தா உண்டு. எங்க உங்க மகன்? வத்திப்போன கண்மாய்க்குள்ள கிரிக்கெட் ஆடுறானா? ஆடட்டும். அஞ்சாப்பு முடிச்சது அவன், காய்ச்சல் கண்டு கெடக்குறது நீங்க ரெண்டு பேரும். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தெறக்கட்டும், உங்க ரெண்டு பேரையும் மொத பெஞ்சுல உக்கார வச்சிட்டு அவன் வீட்டைப் பாத்துக்கிருவான்.

என்கிட்ட யோசனை கேட்டு வந்தீகள்ல, அதுக்கு ஒரு கும்பிடு. நான் படிச்சவ இல்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில சத்துணவுக் கரண்டி பிடிச்சே நரைச்சவ. எனக்கு வாய்ப்பாடு முழுசாத் தெரியாது. ஆனா எந்தப் புள்ள எந்த வருசத்துல “ஆயா, எனக்குச் சோறு வேணாம்”னு சொல்ல ஆரம்பிக்கும்னு தெரியும். பரீட்சைத் தாளை டீச்சர் பாப்பாக, திருப்பிக் கொண்டாந்த தட்டை நான்தான் பாத்திருக்கேன். ரெண்டுல எதுல புள்ளையோட நெலவரம் வெளங்கும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

இந்தப் பயம் உங்களோட வந்ததில்லை. 2019-ல அஞ்சாப்புக்கும் எட்டாப்புக்கும் பொதுத்தேர்வுன்னு கவர்மெண்டு சொன்னுச்சே, ஞாபகம் இருக்கா? பத்து வயசுப் பயலுக்குப் பொதுத்தேர்வு! வடக்குத்தெரு மருமக ஒருத்தி காளியாத்தா கோயிலுக்குக் கூழு ஊத்துறேன்னு நேந்துக்கிட்டா. 2020 பிப்ரவரியில அந்தப் பரீட்சையே வேணாம்னு எடுத்துட்டாக. நேத்திக்கடனை எடுக்க முடியுமா? கூழு ஊத்துனா. குடிச்சவுகள்ல நானும் ஒருத்தி, நல்லாத்தான் இருந்துச்சு. அதோட எட்டாப்பு வரைக்கும் யாரையும் ஃபெயில் போடுறதில்லைன்னுதான் தமிழ்நாட்டுல வச்சிருக்காக. அதனால மார்க்கு, ரேங்க்குன்னு ஆறாப்புலயே அடிச்சுக்கிறத நிறுத்துங்க.

டவுன்ல பாத்தேன், ஆறாப்புலருந்தே டாக்டர் படிப்புக்கு ஃபவுண்டேஷன் கோர்ஸாம். போர்டு பஸ் ஸ்டாண்டு அகலத்துக்குத் தொங்குது. பதினோரு வயசுல பால் பல்லே முழுசா விழுந்திருக்காது மாப்ளே, அதுக்குள்ள ஊசி போட வைக்கப் பாக்குறீக. அந்தக் காசுக்கு ரெண்டு வெள்ளாடு வாங்கி விட்டாலும் பன்னெண்டாப்பு முடியிறதுக்குள்ள ஒரு மந்தை ஆகியிருக்கும். சரி, உங்க காசு, உங்க இஷ்டம்.

இப்ப விசயத்துக்கு வாறேன். அஞ்சாப்புல உங்க மகன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? மணி அடிக்கிறவன். பிரேயர்ல முன்னாடி நிக்கிறவன். ஒண்ணாப்புப் பொடிசு அழுதா மூக்கைச் சிந்திவிட்டுக் கூட்டியாறவன். கோயில் காளை கணக்கா பள்ளிக்கூடத்துக்குள்ள நடந்தவன் அவன். அதே பயலை மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விடுறீக. அங்க ஆறாப்புலருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் இருக்கு. பன்னெண்டாப்புக்காரனுக்கு மீசையிருக்கு, குரல் ஒடஞ்சிருக்கு, சில பேரு உங்களை விட ஒசரம். உயர்நிலைப் பள்ளின்னாலும் ஆறுலருந்து பத்து, அங்கயும் அடிமட்டம் இவன்தான். ஏப்ரல்ல பெரியவன், ஜூன்ல பொடியன். பொடியன் ஆனது அவனுக்கு ஒறைக்கும், ஆனா அதைச் சொல்லத் தெரியாது. வீட்டுக்கு வந்து தங்கச்சி தலையில கொட்டுவான். நீங்க “பெரிய பள்ளிக்கூடம் போனதும் திமிரைப் பாத்தியா”ம்பீக.

நடுநிலைப் பள்ளியில சேத்தா இந்த வருத்தம் இல்லைன்னு ஒருத்தன் சொன்னான். ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் ஒரே எடம், வாஸ்தவம்தான். எட்டு முடிஞ்சு ஒன்பதுக்கு எங்க போவான்? வருத்தத்தைத் தவணைக்கு வாங்கியிருக்கான், அம்புட்டுத்தான்.

அதுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல பறிபோன பதவிக்குப் பதிலா வீட்டுல ஒரு பதவி குடுங்க. ரேஷன் கடையில பருப்பும் பாமாயிலும் வந்துருச்சான்னு பாத்துட்டு வாறது அவன் வேலை. தண்ணித் தொறந்து விடுற நேரத்துல குடம் வைக்கிறது அவன் பொறுப்பு. தப்பாச் செஞ்சாலும் புடுங்கிக்கிறாதீக. ராச்சியம் போன மன்னருக்கே கவர்மெண்டு மானியம் குடுத்துச்சு. உங்க மகனுக்கு ஒரு தண்ணிக்குடம் குடுத்தா கொறஞ்சா போயிருவீக?

அடுத்தது வயிறு. இதுல நான் வாத்தியாருக்கே வாத்தியாரு, குறுக்கப் பேசாம கேளுங்க.

2022 செப்டம்பர் 15-ல மதுரையில காலைச் சாப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்குனாக. மறு வருசம் ஆகஸ்டுல திருக்குவளையில வச்சு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிச்சாக. உப்புமா, கிச்சடி, பொங்கல், அதுக்குத் தொட்டுக்கச் சாம்பாரு. அந்தச் சமையல் எங்க கணக்குல வராது, மகளிர் குழுப் புள்ளைக பாக்குறது. சாம்பாருல புளி ஒரு பொட்டுக் கூடன்னு சொன்னேன், பொறாமைன்னாளுக. பொறாமைதான். நான் மத்தியானம் ஆக்குறதுக்குள்ள அவளுக காலையிலயே புள்ளைக மனசைப் பிடிச்சிட்டாளுகளே!

அந்தத் திட்டம் ஒண்ணாப்புலருந்து அஞ்சாப்பு வரைக்கும். ஆறாப்புக்கு இல்லை. டி.சி. வாங்கும்போது இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாக. சாப்பாடு அஞ்சாப்போட நின்னுக்கிருச்சு, பசி மட்டும் பாஸாகி ஆறாப்புக்கு வந்திருச்சு. நடுநிலைப் பள்ளியில இன்னும் கொடுமை. ஒரே வாசல், ஒரே மரத்தடி. அஞ்சாப்புத் தம்பி பொங்கல் திங்கான், ஆறாப்பு அண்ணன் தூணைப் பிடிச்சுக்கிட்டுப் பாடப் புத்தகத்தைப் பாக்குறான்.

உங்க வீட்டுல என்ன நடக்கும்னு நான் சொல்லவா? பட்டாசு ஆபீஸ் வேன் ஏழு மணிக்கே வந்து ஹாரன் அடிக்குது. ஒருத்தர் அதுல போயிருவீக, இன்னொருத்தர் தீப்பெட்டி ஆபீஸுக்கோ நூறு நாள் வேலைக்கோ ஓடுவீக. புள்ளைக்கு ஏழே முக்காலுக்குப் பஸ்ஸு. போன வருசம் வரைக்கும் பள்ளிக்கூடத்துல போய்த் தின்னவனுக்கு ஏழு மணிக்கு வாயில எறங்காது. ஒரு மடக்குத் தண்ணியைக் குடிச்சிட்டுக் கெளம்பிருவான். ரெண்டாவது பீரியட்ல கணக்கு வாத்தியார் பின்னம் நடத்துவாரு. அரைன்னு அவர் போர்டுல எழுதுனா இவன் இட்லியோட மிச்ச அரையை நெனைப்பான். ஒரு மாசத்துல “பையன் கவனிக்க மாட்டேங்கிறான்”னு சொல்லி விடுவாரு. நீங்க ஒடனே ட்யூசன் வைப்பீக. அந்த ட்யூசன்ல யாராச்சும் சுண்டல் குடுத்தா அவன் தேறிருவான்னு நான் பந்தயம் கட்டுறேன்.

அதனால மே மாசத்துலயே பழக்குங்க. ஆறு மணிக்கு எந்திரிச்சு ஏழுக்குள்ள ரெண்டு வாய் தின்னணும். நீங்க இருந்து ஊட்டணும்னு இல்லை. ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சா, காலையில மோரு விட்டு, சின்ன வெங்காயத்தை உரிச்சுக் கடிச்சுக்கிட்டு அவனே குடிச்சிட்டுப் போவான். பதினோரு வயசுக்காரனுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியலேன்னா அது பள்ளிக்கூடத்தோட குத்தம் இல்லை. பையில ஒரு கடலை மிட்டாய் போட்டு விடுங்க. கோவில்பட்டி நமக்கு என்ன அமெரிக்காவா?

மத்தியானச் சோறு மட்டும் விட்டுப் போகலை. 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். தொடங்குன சத்துணவு இன்னைக்குப் பத்தாப்பு வரைக்கும் உண்டு, பள்ளிக்கூட நாளெல்லாம் முட்டையும் உண்டு. ஆனா ஆறாப்புக்குப் போனதும் தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்க வெக்கம் வந்துரும். பக்கத்துப் பயல் டிபன் பாக்ஸ் தொறப்பான், இவன் குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு “சாப்பிட்டேன்”ம்பான். அந்த வெக்கம் எங்கருந்து வந்துச்சுன்னு தேடாதீக. போன முகூர்த்தத்துல சம்பந்தக்காரங்க முன்னாடி “எங்க வீட்டுப் புள்ளைக சத்துணவெல்லாம் திங்கிறதில்லை”ன்னு பெருமையாச் சொன்னீகள்ல, பந்தியில அவன் உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தான். நம்ம விருதுநகர்க்காரர் காமராசர் மத்தியானச் சோறு போட்டப்ப வரிசையில நின்னவருதான் உங்க தாத்தா. அவரைக் கேட்டுப் பாருங்க, வெக்கப்பட்டாரா, ரெண்டாந்தரம் கேட்டாரான்னு.

வாத்தியாருக விசயம் சொல்றேன். அஞ்சாப்பு வரைக்கும் ஒரு டீச்சரு, மிஞ்சுனா ரெண்டு டீச்சரு. உங்க புள்ளைக்குச் சளி பிடிச்சாலும் அவுகளுக்குத் தெரியும், நீங்க ரெண்டு பேரும் ராத்திரி சண்டை போட்டாலும் காலையில பிரேயருக்கு முந்தியே தெரியும். ஆறாப்புல பாடத்துக்கு ஒருத்தரு. 2009-ல போட்ட கல்வி உரிமைச் சட்டத்துலயே ஆறுலருந்து எட்டு வரைக்கும் கணக்கு அறிவியலுக்கு, சமூக அறிவியலுக்கு, மொழிக்குன்னு தனித்தனி ஆள் வேணும்னு இருக்காம். எங்க எச்.எம். படிச்சுக் காட்டுனாக. நேரமும் கூட. அஞ்சு வரைக்கும் வருசத்துக்கு 800 மணி நேரம் பாடம், ஆறுலருந்து எட்டு வரைக்கும் 1000. அந்த எறநூறு மணி நேரத்தையும் கூட உக்காந்து தீக்கிறது உங்க மகனோட குண்டிதான், அதையும் நெனச்சுப் பாருங்க.

பாடத்துக்கு ஒருத்தருன்னா அதுல ஒரு கோளாறு இருக்கு. தமிழம்மா குடுத்த வீட்டுப்பாடம் கணக்கு வாத்தியாருக்குத் தெரியாது. ஆளாளுக்குக் “கொஞ்சூண்டுதானப்பா”ன்னு குடுப்பாக. அஞ்சு கொஞ்சூண்டு சேந்தா ராத்திரி பத்து மணி. அதுக்காக நீங்க எழுதிக் குடுக்காதீக. போன வருசம் ஒரு தகப்பன் மகனோட படத்தைத் தானே வரைஞ்சு குடுத்தான். டீச்சர் “குட்” போட்டாக. அந்த நோட்டை டீக்கடைக்கு எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் காட்டுறான் மனுசன்! டைம் டேபிளை அவன் கையாலயே எழுதிக் கதவுக்குப் பின்னாடி ஒட்டச் சொல்லுங்க. பையை ராத்திரியே அவன் அடுக்கட்டும். நீங்க அடுக்குனா, மறந்துபோன நோட்டுக்கு நீங்கதான் போயி வெளிய நிக்கணும். அப்புறம் அந்த வாட்ஸாப் குரூப்பு. “நாளைக்கு என்ன ஹோம் ஒர்க்?”னு ராத்திரி பத்து மணிக்கு அம்பது அம்மாமாருக்கு மெசேஜ் போடுறீக. அந்த அம்பது பேரோட புள்ளைகள்ல ஒண்ணு உங்க வீட்டுக்குள்ளதான இருக்கு, அதைக் கேட்டா என்ன?

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் “என்ன படிச்ச?”னு கேக்காதீக. “ஒண்ணுமில்லை”ம்பான், அதுதான் நெசமும்கூட. “யாரு பக்கத்துல உக்காந்து சோறு தின்ன?”னு கேளுங்க. ஒரு பேரு சொன்னா நீங்க நிம்மதியாத் தூங்கலாம். நாலு நாளா ஒரு பேரும் வரலைன்னா, அஞ்சாம் நாள் வேலைக்கு லீவு போட்டுட்டு வகுப்பு டீச்சரைப் போய்ப் பாருங்க. இவன் ஏ செக்சன், இவனோட ஒட்டிக்கிட்டே திரிஞ்ச கூட்டாளி பி செக்சன்னு பிரிச்சிருப்பாக. நமக்கு அது ஒரு எழுத்து, அவனுக்கு ஊரே ரெண்டாப் போன மாதிரி.

பஸ்ஸுக்கு வாறேன். பள்ளிக்கூடப் புள்ளைகளுக்குக் கவர்மெண்டு பஸ்ஸுல பாஸ் உண்டு. 2021 மே மாசத்துலருந்து டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கும் டிக்கெட் இல்லைன்னு ஆயிருச்சு. அங்கதான் கெட்டுச்சு! மருமகளுக தெனமும் புள்ளையோட ஏறிப் போயி, கேட்டுல நின்னு கையாட்டி, சாயங்காலமும் போய்க் கூட்டியாறாளுக. மீசைக்காரப் பயலுக முன்னாடி ஆத்தா வந்து மூக்கைத் துடைச்சு விட்டா அவன் எப்படித் தலை நிமிருவான்? மே மாசத்துல ஒரு நாளு அவனை முன்னாடி ஏத்தி விட்டு நீங்க பின் சீட்டுல வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. எந்த ஸ்டாப்புன்னு அவனே எறங்கட்டும். பஸ்ஸை விட்டுட்டா அடுத்த பஸ்ஸு எத்தனை மணிக்கு, எந்தக் கடையில நிக்கணும், யாருக்கு போன் பண்ணச் சொல்லணும்னு சொல்லிக் குடுங்க. உங்க நம்பரு அவனுக்கு மனப்பாடமா இருக்கணும். பதினாறாம் வாய்ப்பாடு பெறகு பாத்துக்கலாம். படியில மட்டும் தொங்கக் கூடாது. அதுல எனக்கு வெளையாட்டுக் கெடையாது.

பொம்பளப் புள்ள வச்சிருக்கவுக கிட்ட வாங்க. ஆம்பளைக எந்திரிச்சுப் போக வேணாம், உங்களுக்கும் சேத்துத்தான். ஆறாப்பு, ஏழாப்புலதான் பல புள்ளைக வயசுக்கு வந்து ஒக்காருறது. தெருவடைக்கப் பந்தல், மைக் செட்டு, ஃபிளக்ஸ் போர்டுல தாய்மாமன்மாரு எல்லார் பேரும், மொய் நோட்டு முதக்கொண்டு தயாரா வச்சிருக்கீக. அந்தப் புள்ளைக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல மட்டும் ஒருத்தி வாயும் தயாரா இல்லை. வகுப்புல வச்சு மொதத்தரம் பாத்துட்டு “எனக்கு என்னமோ ஆயிருச்சு”ன்னு அழுற புள்ளைய நான் பாத்திருக்கேன். இந்த லீவுலயே சொல்லிருங்க. பையில ஒரு நாப்கினும் ஒரு உள்ளாடையும் இருக்கட்டும். பள்ளிக்கூடத்துலயும் குடுக்காக, கேக்குறதுக்குப் பழக்கணும். சேக்கப் போறப்ப ரிசல்ட் எத்தனை சதவீதம்னு விசாரிக்கிறீகளே, கக்கூஸைக் காட்டுங்கன்னு கேட்டிருக்கீகளா? கதவுக்குத் தாப்பா இருக்கா, தண்ணி வருதான்னு பாருங்க. அது சரியில்லைன்னா புள்ளைக நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம அடக்கும். சடங்கு முடிஞ்சதும் சோலி முடிஞ்சதுன்னு வீட்டுல நிப்பாட்டிக்கிறாதீக, பூவு வாடுறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க.

காகிதம் கொஞ்சம் இருக்கு. டி.சி.யில ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பேங்க் புத்தகத்துல வேற பேருன்னு கெடந்தா இப்பவே சரி பண்ணிருங்க. நியூமராலஜிக்காரன் சொன்னான்னு எழுத்தைக் கூட்டி வச்ச ராசாத்திகளா, உங்களுக்குத்தான் சொல்றேன். அதிர்ஷ்டம் வருதோ இல்லையோ, ஸ்காலர்ஷிப் வராது. டி.சி. வர லேட்டாச்சுன்னு கவர்மெண்டு பள்ளிக்கூடம் சேக்காம இருக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு, பயப்படாதீக.

ஊர்ல கொஞ்சம் காசு பொழங்குனதும் ஆறாப்புக்கு டவுன் பிரைவேட்டுக்கு மாத்துறீக. மாத்துறதுன்னா கணக்குப் போட்டு மாத்துங்க. டாக்டர் படிப்புல அரசுப் பள்ளிப் புள்ளைகளுக்கு 2020-ல குடுத்த 7.5 சதவீத எட ஒதுக்கீடு, ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவுகளுக்கு. காலேஜ் போற பொம்பளப் புள்ளைக்கு மாசம் 1000 ரூபாய் குடுக்குற புதுமைப் பெண் திட்டமும் ஆறாப்புலருந்துதான் எண்ணுது. மத்த வருசமெல்லாம் விட்டுட்டு கவர்மெண்டு ஆறாப்புலருந்துதான் உங்க புள்ளையக் கணக்கெடுக்குது. புதுப் பள்ளிக்கூடம், புது ஊரு, புது பஸ்ஸு, அதோட தமிழ் மீடியத்துல இருந்து இங்கிலீஷ் மீடியமும்னு ஒரே ஜூன் மாசத்துல அம்புட்டையும் ஒரு பயல் தலையில எறக்குறீகளே, உங்களுக்கு ஆண்ட்ராய்டு போன் மாத்துனதுக்கே மூணு மாசம் மூஞ்சி செத்துப் போச்சு.

கடைசியா ஒண்ணு, இது யோசனை இல்லை, வேலை. உங்க பள்ளிக்கூடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அதுல முக்காவாசிப் பேரு பெத்தவுகதான், பாதிப் பேரு பொம்பளைகளா இருக்கணும்னு சட்டம். டீ பிஸ்கட்டுக்குப் போயிட்டுக் கையெழுத்துப் போட்டு வராதீக. ஆறாப்புலருந்து எட்டாப்பு வரைக்கும் காலைச் சாப்பாடு வேணும்னு அங்க கேளுங்க. ஆகஸ்ட் 15 கிராம சபையில அதையே தீர்மானமா எழுதச் சொல்லுங்க. மகளிர் குழுப் புள்ளைக ஆக்கிப் போடத் தயார்னு ஏற்கெனவே சொல்லிட்டாளுக, புளியைப் பத்தி நான் இனிமே வாயத் தெறக்க மாட்டேன்னு சத்தியமும் வாங்கிட்டாளுக. கையெழுத்துத் தெரியாதவுக கைநாட்டு வைக்கலாம். மொதக் கைநாட்டு என்னோடது.